பரங்கிக்காய் பீர் விருந்து: நடத்துவோர் கையேடு

அக்டோபர் பிறந்தால் நியூஜெர்சியில் மேப்பிள் இலை சிவக்கிறது. கொலு பொம்மைகள் பழைய செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு பேஸ்மென்டுக்குத் திரும்புகின்றன. தீபாவளிக்கு இன்னும் சில வாரம் இருக்கும் அந்த இடைவெளியில் வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒருவர் ‘ஃபால் பார்ட்டி’ என்று அறிவிப்பார். இந்த வருஷம் அந்த யாராவது நீங்கள்தான். வாழ்த்துகள்.

பதினைந்து வருஷமாக இப்படிப்பட்ட விருந்துகளில் சோபா ஓரத்தில் உட்கார்ந்து கற்றதையெல்லாம் படிப்படியாகச் சொல்லித் தருகிறேன். புதிதாக எதையும் பழக வேண்டாம். ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதை இன்னும் கொஞ்சம் அழுத்திச் செய்தால் போதும்.

1. சீசன் வருவதற்குள் வாங்கிவிடுங்கள்

பரங்கிக்காய் பீர் ஆகஸ்டிலேயே கடைக்கு வந்துவிடும். சில வருஷம் ஜூலைக் கடைசியில் தலை காட்டும். வெளியே 95 டிகிரி ஃபாரன்ஹீட். நீங்கள் அரை டிரவுசரில், கழுத்தில் வியர்வை வழிய, இலையுதிர் காலத்தை அட்டைப்பெட்டியாகத் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏற்றுங்கள். அந்தச் சமயத்தில் தோட்டத்துப் பரங்கி இன்னும் முற்றியிருக்காது. அப்படியானால் பீருக்குள் போனது எது என்று யோசிக்காதீர்கள். பல ப்ரூவரிகளில் போவது டப்பாவில் அடைத்த விழுது. அந்த விழுதும் பெரும்பாலும் ஹாலோவீனுக்குக் கண்ணும் பல்லும் செதுக்குகிற ஆரஞ்சுப் பரங்கி அல்ல. வெளிறிய தோல்கொண்ட வேறொரு வகை.

கடைக்காரரிடம் எது நன்றாக இருக்கும் என்று கேட்க வேண்டாம். அவருக்குத் தெரிந்திருக்கும் அபாயம் உண்டு. படத்தைப் பார்த்து வாங்குங்கள்: பல்லிளிக்கும் பரங்கி மண்டை, துடைப்பத்தில் பறக்கும் சூனியக்காரி, தலையில்லாத குதிரைவீரன். எந்தப் பெட்டியைப் பார்த்தால் குழந்தை அழுமோ அதுதான் சரியான பெட்டி.

வாங்கியதைப் பேஸ்மென்டில் கொலுப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் அடுக்குங்கள். நவராத்திரி முடிந்து பெட்டிகளுக்கு அடையாளம் போடுகிற அவசரத்தில் வீட்டம்மா இதன் மேலும் மார்க்கரால் ‘கொலு – 3ஆம் படி’ என்று எழுதிவிடுவார். விட்டுவிடுங்கள்.

2. பரங்கிக்காயைத் தேடாதீர்கள்

குடியேறிய வெள்ளைக்காரர்கள் காலத்தில் அமெரிக்காவில் பரங்கிக்காய் போட்டு பீர் காய்ச்சியது ஆசையால் அல்ல. பார்லி மால்ட் கிடைக்கவில்லை. கொல்லையில் பரங்கி கிடந்தது. கஞ்சிக்கு அரிசி இல்லாத வீட்டில் கேழ்வரகு போட்ட கதைதான். கேழ்வரகுக்கு நேர்ந்ததே இதற்கும் நேர்ந்தது: இன்று விலை அதிகம்.

1980களின் நடுவில் கலிஃபோர்னியாவின் ஹேவர்ட் நகரில் பில் ஓவன்ஸ் என்பவர் தம் சிறு ப்ரூவரியில் இந்தப் பழக்கத்துக்கு மறுபடி உயிர் கொடுத்தார். பரங்கிக்காயைச் சுட்டு, மால்ட்டோடு சேர்த்துக் காய்ச்சிப் பார்த்தார். பரங்கி ருசி தெரியவே இல்லை. உடனே பரங்கிக்காய் ‘பை’ பலகாரத்துக்குப் போடுகிற மசாலாவை வாங்கிவந்து கலந்துவிட்டார். பட்டை, கிராம்பு, ஜாதிக்காய். அன்றிலிருந்து உலகம் பரங்கிக்காய் பீர் என்று சொல்லிக் குடிப்பது அந்த மசாலாவைத்தான்.

ஆகவே விருந்தாளி ஒரு வாய் குடித்துவிட்டு, “என்னங்க, பிரியாணி தம் போட்ட மாதிரி வாசனை வருதே?” என்று கேட்பார். மேலே அண்டாவில் நிஜமாகவே பிரியாணி தம்மில் இருப்பதால் அவருக்கே குழப்பம். “இதுதாங்க ஃபால் வாசனை” என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு, கோப்பை விளிம்பில் பட்டைத்தூளும் சர்க்கரையும் தடவி இன்னொன்று கொடுங்கள். மீசை வைத்தவர்களுக்குக் கட்டாயம் கொடுங்கள்.

3. ஓப்பனரைக் கையிலிருந்து விடாதீர்கள்

மொத்தக் கையேட்டிலும் இந்தப் படிதான் முக்கியம். வீட்டில் ஒரே ஒரு ஓப்பனர் இருக்க வேண்டும். அது உங்கள் கையில் இருக்க வேண்டும். நீங்கள் பேசிக்கொண்டிருக்க வேண்டும்.

பேசுவதற்கு விஷயம் ஏராளம். பவேரியாவில் 1553ல் போட்ட சட்டப்படி ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சக் கூடாது. கோடையில் காய்ச்சினால் கெட்டுப்போகிறது. அதனால் மார்ச் மாதம் கொஞ்சம் கனமாகக் காய்ச்சி, குளிர்ந்த நிலவறையில் இறக்கிவைத்து, கோடை முழுக்க எடுத்துக் குடித்து, மிச்சத்தை இலையுதிர் காலத்தில் தீர்த்தார்கள். மார்ச்சில் காய்ச்சியது என்பதால் மேர்ட்சன் என்று பெயர். பங்குனி வெயிலில் வடாம் பிழிந்து ஐப்பசி மழையில் பொரித்துத் தின்கிற நமக்கு இதை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். நீங்கள் இருபது நிமிஷம் சொல்லுங்கள்.

அடுத்து அக்டோபர்ஃபெஸ்ட். 1810 அக்டோபர் 12, பட்டத்து இளவரசர் லுட்விக்குக்கும் இளவரசி தெரேசாவுக்கும் மியூனிக்கில் கல்யாணம். ஐந்து நாள் கழித்து ஊருக்கு வெளியே ஒரு குதிரைப் பந்தயம். மைதானத்துக்கு மணப்பெண்ணின் பெயரையே வைத்தார்கள். பந்தயத்தை அடுத்த வருஷமும் நடத்தலாமே என்று யாரோ சொல்லப்போக, அந்தக் கல்யாண வீட்டுக் கூட்டம் இருநூறு வருஷமாகியும் எழுந்து போகவில்லை.

இந்த விவரமெல்லாம் நிஜம். அதுதான் இதன் கொடுமை. பொய்யாக இருந்தால் யாராவது மறித்துப் பேசியிருப்பார்கள், ஓப்பனரும் கைமாறியிருக்கும். எதிரே பதினோரு பேர், பதினோரு மூடிய பாட்டில். பாட்டிலின் வெளியே வியர்த்த நீர் அவர்கள் மணிக்கட்டு வழியாகச் சட்டைக் கைக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். ஒருவர் சுவரோரத்தில் மூடியைப் பல்லால் கடித்துப் பார்ப்பார். கவனிக்காததுபோல் மேலே போங்கள்.

மியூனிக்கில் விழா செப்டம்பர் நடுவிலேயே தொடங்கி அக்டோபர் முதல் வாரத்தில் முடிந்துவிடும் என்பதை மட்டும் சொல்லாதீர்கள். உங்கள் விருந்து அக்டோபர் 25. அங்கே கூடாரம் பிரித்து, மைதானத்தைக் கூட்டிப் பெருக்கியாகிவிட்டது. கூடாரங்களில் இப்போது ஊற்றுவது செம்பு நிற மேர்ட்சனும் அல்ல. வெளிறிய பொன்னிறத்தில், 6 சதவீத ஆல்கஹாலை ஒட்டிய வேறொரு பீர். மியூனிக்கின் ஆறு ப்ரூவரிகளுக்கு மட்டுமே அங்கே ஊற்ற அனுமதி. நீங்கள் பச்சைத் தொப்பியில் இறகு செருகிக்கொண்டு, பென்சில்வேனியாவில் காய்ச்சியதைக் காட்டி “அசல் மியூனிக் ருசி” என்று சொல்லுங்கள். நம்மூரில் அசல் திருநெல்வேலி அல்வா விற்காத பஸ் ஸ்டாண்ட் உண்டா?

4. முதலில் வெயிலில் வையுங்கள், பிறகு ஃப்ரீசரில் வையுங்கள்

காலையிலேயே பாட்டில்களை டெக்கில் வரிசையாக நிறுத்துங்கள். படம் எடுத்துக் குழுவில் போடலாம். ஹாப்ஸ் பூவிலிருந்து பீருக்கு வருகிற கசப்புப் பொருள் வெயில் வெளிச்சத்தில் சிதைந்து, கந்தகம் சேர்ந்த ஒரு நாற்றமாக மாறும். ஸ்கங்க் என்கிற பிராணி பயந்தால் பீய்ச்சுமே, அந்த நாற்றத்துக்கு இது நெருங்கிய பங்காளி. பழுப்பு பாட்டில் ஓரளவு தடுக்கும். பச்சை பாட்டிலும் வெள்ளை பாட்டிலும் தடுக்காது. டப்பா முழுக்கத் தடுத்துவிடும். எனவே டப்பா வாங்காதீர்கள்.

விருந்தாளி வருவதற்கு அரை மணி முன்னால் ‘ஐயோ, சில்லுனு இல்லையே’ என்று நினைவு வரும். எல்லாவற்றையும் ஃப்ரீசரில் திணியுங்கள். பரோட்டா பாக்கெட்டை ஓரம் தள்ளுங்கள். திணித்ததை மறந்துவிடுங்கள். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருக்கும், பாட்டில் பருக்காது. இரவு பத்தரைக்கு உள்ளே ‘டப்’ என்று ஒரு சத்தம். திறந்து பார்த்தால், மாமியார் உட்கார்ந்து துருவி, கைப்பிடி கைப்பிடியாகப் பொட்டலம் கட்டி வைத்த தேங்காய்ப்பூவின் மேல் கண்ணாடித்தூளும் பழுப்பு நிறப் பனியும். பட்டை வாசனையோடு.

5. புதுப் பூ பீரைப் பழசாக்குங்கள்

ஹாப்ஸ் அறுவடை ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை. வாஷிங்டன் மாநிலத்தின் யாகிமா பள்ளத்தாக்கில்தான் அமெரிக்க ஹாப்ஸில் பெரும்பகுதி விளைகிறது. பறித்ததும் சூளையில் உலர்த்துவதுதான் வழக்கம். உலர்த்தாமல், பறித்த ஒரு நாளுக்குள் பச்சைப் பூவாகவே கொப்பரையில் போட்டுக் காய்ச்சும் பீர் ஒன்று உண்டு. வருஷத்தில் ஒரே ஒரு முறை வரும். சியரா நெவாடா ப்ரூவரி 1996ல் அப்படிக் காய்ச்சியதிலிருந்து பலரும் செய்கிறார்கள். உண்மையில் இந்தச் சீசனின் பீர் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்வேன். வாடினால் மல்லிகைச் சரத்துக்கு என்ன மதிப்போ அதுதான் இதற்கும்.

எனவே இதை ‘ஸ்பெஷல்’ என்று தனியே எடுத்து, வாட்டர் ஹீட்டர் பக்கத்தில் பத்திரப்படுத்துங்கள். அடுத்த வருஷம் மச்சினர் வரும்போது திறக்கலாம்.

6. இரண்டு சைடரையும் ஒரே மாதிரி ஜாடியில் ஊற்றுங்கள்

அமெரிக்காவில் ‘சைடர்’ என்று வெறுமனே சொன்னால், வடிகட்டாத, கலங்கலான, இனிப்பான ஆப்பிள் சாறு. குழந்தைகள் குடிப்பது. போதை உள்ளதற்கு ‘ஹார்டு சைடர்’ என்று பெயர். இங்கிலாந்தில் சைடர் என்றாலே போதைதான். லண்டனில் மூன்று வருஷம் இருந்துவிட்டு வந்த ஒருவர் எந்த விருந்திலும் இருப்பார். அவரைச் சைடர் பொறுப்பாளராக நியமியுங்கள்.

ஜாடியில் பெயர்ச் சீட்டு ஒட்டாதீர்கள். ஒட்டினால் சமையலறை மேடை அசிங்கமாகத் தெரியும்.

ஒரு நண்பர் வீட்டில் இந்தப் படியை மிகச் சரியாகச் செய்தார்கள். மேடையில் இரண்டு கண்ணாடி ஜாடி. ஒன்றில் ஆப்பிள் பறிக்கப் போன பண்ணையிலிருந்து காலன் கணக்கில் வாங்கிவந்த சாறு. மற்றதில் 6.9 சதவீத ஆல்கஹால். பேத்தியைப் பார்க்க மதுரையிலிருந்து வந்திருந்த நண்பரின் அம்மா, இரண்டாவது ஜாடியிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக்கொண்டார்கள்.

“டேய், இந்த ஆப்பிள் ஜூஸ் நல்லா சுருக்குனு இருக்குடா. நம்ம ஊரு பன்னீர் சோடா மாதிரி. இன்னுங் கொஞ்சம் ஊத்து.”

மகன் ஊற்றினார். மூன்று டம்ளர். எட்டரை மணிக்கு அம்மா மருமகளைப் பக்கத்தில் கூப்பிட்டு, கன்னத்தைத் தடவி, கல்யாணத்தில் போட்ட எட்டுப் பவுன் சங்கிலி உண்மையில் ஆறரைப் பவுன்தான் என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்கள். பிறகு ஆனந்தபைரவியில் ஒரு தாலாட்டு. பாதியில் அவர்களே தூங்கிவிட்டார்கள்.

அதே நேரத்தில் கீழே பேஸ்மென்டில் நான்கு ஆண்கள் இரண்டு மணி நேரமாகக் குழந்தைகள் ஜாடியைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். அதில் ஒருவன் நான். “சைடர்ல கிக்கு மெதுவாத்தாங்க ஏறும், ஆனா ஏறுனா இறங்காது” என்று லண்டன்காரர் சொன்னார். எனக்கு ஏறியது. நாக்கு குழறியதுகூட நினைவிருக்கிறது.

7. துவர்ப்பு என்று யாராவது சொன்னால் ஸ்ப்ரைட் ஊற்றுங்கள்

நல்ல சைடருக்கு, கடித்துத் தின்கிற ஆப்பிள் உதவாது. கிங்ஸ்டன் பிளாக், டாபினெட் என்று இங்கிலாந்தில் தனி ரகங்கள் வைத்திருக்கிறார்கள். கடித்தால் பிஞ்சு வாழைக்காய்போல் வாய் கட்டும். அந்தத் துவர்ப்புதான் சைடருக்கு உடம்பு. அறுசுவையில் துவர்ப்புக்குத் தனி இடமும் பெயரும் கொடுத்து, வாழைப்பூவையும் கடுக்காயையும் மெனக்கெட்டுத் தின்கிற ஜனங்கள் நாம். இதைக் குடித்தவுடன் முதலில் ரசித்திருக்க வேண்டியது நாம்தான். நம்மவர் சொல்வது, “கெட்டுப்போச்சோ?”

நியூஜெர்சிக்கே ஒரு பெருமை உண்டு. நியூவார்க் சைடர் ஒரு காலத்தில் பேர்போனது. அதற்கு வேராக இருந்தது ஹாரிசன் என்ற ஆப்பிள். எஸெக்ஸ் கவுன்டியில் பிறந்த ரகம். அழிந்தே போனதென்று நினைத்திருந்தார்கள். 1976ல் லிவிங்ஸ்டனில், ஒரு பழைய சைடர் ஆலை இருந்த இடத்தில், ஒரு மரம் அகப்பட்டது. அதிலிருந்து ஒட்டுக்கட்டி ரகத்தையே மீட்டார்கள். விதை போட்டால் அதே ஆப்பிள் வராது; ஒட்டுக்கட்டுவதுதான் வழக்கம். அந்த ஆப்பிளில் செய்த சைடர் இன்று கிடைக்கிறது. மலிவில்லை. வாங்கிவந்து, பாதிக் கோப்பை ஊற்றி, மீதிக்கு ஸ்ப்ரைட் விடுங்கள். ஐஸ் மூன்று கட்டி. எலுமிச்சை பிழிந்தால் இன்னும் விசேஷம்.

8. தலைக்கு மேலிருந்து ஊற்றுங்கள்

ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் சைடரை ஊற்றுவதே ஒரு கலை. பாட்டில் தலைக்கு மேல், கோப்பை தொடைக்குக் கீழ், நூல்போல் ஒரு தாரை. ஒரு தடவைக்கு இரண்டு மடக்குத்தான். நுரை அடங்குவதற்குள் குடித்துவிட வேண்டும். அங்கத்திய மரபுச் சைடரில் வாயு குறைவு. உயரத்திலிருந்து விழுந்து கோப்பையில் மோதும்போதுதான் அது விழித்துக்கொள்கிறது. நம் டீக்கடை மாஸ்டர் ஆற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். 2024ல் யுனெஸ்கோ அந்தச் சைடர் பண்பாட்டைத் தன் பட்டியலில் சேர்த்தது.

நீங்கள் யூடியூபில் ஒரு முறை பார்த்துவிட்டு, ஏற்கெனவே வாயு ஏற்றிய அமெரிக்கச் சைடரை, வெள்ளைக் கம்பளத்தின் மேல் நின்று ஊற்றுங்கள். கண்ணை மூடிக்கொண்டால் ஸ்டைலாக இருக்கும்.

9. பஜ்ஜி தின்ற கையால் கோப்பையை எடுங்கள்

வெங்காய பஜ்ஜி, மிளகாய் பஜ்ஜி, வறுத்த முந்திரி. டிஷ்யூ வைக்காதீர்கள். நுரைக்கு எமன் எண்ணெய். கோப்பை உள்விளிம்பில் ஒரு விரல் பட்டால் போதும்: இரண்டு விரற்கடை உயரம் நின்ற வெண்ணுரை ஒரு பக்கம் பள்ளம் விழுந்து, ஓட்டை ஓட்டையாகி, பால் பொங்கி அடங்குகிற மாதிரி சரிந்துவிடும். கடைசியில் பழுப்புத் தண்ணீரும் நடுவில் ஒரு எண்ணெய்க் கண்ணும் மிஞ்சும். “சரக்கு பழசுபோல” என்று கடைக்காரர்மேல் பழியைப் போடுங்கள்.

10. “இது சைவந்தானே?” என்று கேட்டால் தயங்காதீர்கள்

கிருத்திகை விரதக்காரர் ஒருவர் நிச்சயம் கேட்பார். (விரதத்தில் பீர் ஆகுமா என்று நீங்கள் திருப்பிக் கேட்கக் கூடாது, அது வேறு கையேடு.) இங்கிலாந்து மரபில் பீரைத் தெளிய வைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசிங்கிளாஸ் என்ற பொருளைப் போடுவதுண்டு. சைடரைத் தெளிய வைக்க ஜெலட்டின் போடுபவர்களும் உண்டு. எல்லோரும் போடுவதில்லை, லேபிளில் எழுதுவது அபூர்வம். “நூறு சதவீதம் சைவம்” என்று சொல்லுங்கள். அவர் மூன்றாவதை முடித்தபிறகு காற்றுப்பையைப் பற்றி விளக்குங்கள்.

11. எண்ணாதீர்கள்

12 அவுன்ஸ், 5 சதவீதம். இதைத்தான் அமெரிக்காவில் ஒரு ட்ரிங்க் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். ‘இம்பீரியல்’ என்று போட்ட பரங்கிக்காய் பீர் 8 சதவீதத்தைத் தாண்டும். அப்படி மூன்று குடித்தவர் ஐந்து குடித்திருக்கிறார். “மூணே மூணு பீர்தாங்க” என்று அவர் சொல்வதை நம்புங்கள். வாசலில் அவர் இடது காலில் வலது ஷூவை மாட்ட முயல்வதை அன்போடு பாருங்கள். நீங்களே குனிந்து மாட்டிவிட்டு, சாவியையும் தேடி எடுத்துக் கையில் கொடுங்கள். விருந்தோம்பல்.

1984ல் நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் ‘கெல்லி எதிர் க்வின்னெல்’ வழக்கில் ஒன்றைச் சொல்லிவிட்டது: வீட்டுக்கு வந்தவர் கண்ணுக்குத் தெரியும்படி போதையில் இருக்கிறார், இனி வண்டி ஓட்டப்போகிறார் என்று தெரிந்தும் மேலும் ஊற்றிக் கொடுத்தால், வழியில் அவர் யாரையாவது இடித்ததற்கு ஊற்றியவரும் பொறுப்பு. இதை விருந்தில் யாரிடமும் சொல்லாதீர்கள். சொன்னால் யாராவது ஊபர் கூப்பிட்டுவிடுவார்கள். சோபாவில் படுக்கை விரிக்கவும் ஆள் கிளம்பிவிடும். அப்புறம் காலையில் எட்டுப் பேருக்கு இட்லி ஊற்ற வேண்டி வரும்.

12. மிச்சத்தைப் பத்திரப்படுத்துங்கள்

விருந்து முடிந்து எண்ணிப் பார்த்தால், நீங்கள் வாங்கியதைவிட அதிகம் இருக்கும். வந்தவர் ஒவ்வொருவரும் ஆளுக்கொரு பரங்கிக்காய் சிக்ஸ் பேக் கொண்டுவந்திருப்பார்கள். எல்லோரும் குடித்தது, யாரோ வெட்கப்பட்டுக்கொண்டே காரிலிருந்து எடுத்துவந்த சாதாரண லாகர்.

கவலை வேண்டாம். நவராத்திரித் தாம்பூலத்தில் வைத்துக் கொடுக்கிற ரவிக்கைத் துணியை யாராவது தைத்துப் பார்த்திருக்கிறீர்களா? எடிசனில் புறப்பட்டு, பிளைன்ஸ்பரோ போய், பிரிட்ஜ்வாட்டரில் இரண்டு வருஷம் தங்கி, மடிப்புக் கலையாமல் எடிசனுக்கே வந்து சேரும். இதற்கும் அதே பாதைதான். அடுத்த வாரம் ஒரு வீட்டுக்குப் போகும்போது ஒரு பெட்டியை எடுத்துப் போங்கள். அவர்கள் இன்னொரு வீட்டுக்கு எடுத்துப் போவார்கள்.

இரண்டு அக்டோபர் கழித்து, முன்பின் தெரியாத ஒருவர் வீட்டு பேஸ்மென்டில், அந்த வீட்டுக்காரர் ஒரு கையில் ஓப்பனரோடு, “உங்களுக்காக ஸ்பெஷலா வெச்சிருந்தேன் சார்” என்று சொல்லி, மேசைக்கு அடியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இழுப்பார். பக்கவாட்டில் மார்க்கரில் ‘கொலு – 3ஆம் படி’ என்று எழுதியிருக்கும். உங்கள் வீட்டம்மாவின் கையெழுத்து.

“அட, பரங்கிக்காய் பீரா!” என்று முகம் மலருங்கள்.